மழலையைப் பதிவு செய்யப் போய் நான் செய்த தவறுகள்

என் முதல் பதிவு நீலகிரியில், கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். ஜூலை மாதம். ஒன்றே முக்கால் வயதுப் பெண் குழந்தை, அதன் பாட்டி, நான், புது ரெக்கார்டர். ஒரு மணி நேரம் எடுத்துவிட்டு அறைக்கு வந்து கேட்டால், தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் மட்டும்தான். நடுவில் இரண்டு இடத்தில் பாட்டி இருமுவது தெளிவாக விழுந்திருந்தது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடலூரில் பதிவு வைக்காதே என்று ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

மொழியியலில் எம்.ஏ. முடித்து, நெட் தேர்வில் தேறி, குழந்தைகள் மொழி கற்பதை ஆராயப் போகிறேன் என்று நீலகிரிக்கு வரும் மாணவர்கள் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எதைச் செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. எதைச் செய்யக் கூடாது என்று சொல்ல அனுபவம் நிறைய இருக்கிறது.

பலர் கால்வைத்ததுமே சறுக்குவது காலக் கணக்கில். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, நீட்டிப்பு நீங்கலாக அதிகபட்சம் 6 ஆண்டு என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள். ஒரு குழந்தை ஒற்றைச் சொல்லிலிருந்து நாலு சொல் வாக்கியத்துக்கு வந்து சேர்வதைப் பின்தொடர இரண்டு ஆண்டாவது வேண்டும். முதலில் எல்லாவற்றையும் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டு களத்துக்குப் போகலாம் என்று இருந்தால் ஆறாம் ஆண்டில் கையில் பதிவு இருக்கும், ஆய்வேடு இருக்காது. அப்படிப் படித்து எழுதும் முதல் இயலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பேச்சு பழக்கத்தால் வருகிறது என்று 1957இல் உளவியலாளர் ஸ்கின்னர் புத்தகம் எழுதினார், 1959இல் மொழியியலாளர் சோம்ஸ்கி அதற்குக் கடுமையான மதிப்புரை எழுதினார் என்று ஆரம்பித்து அறுபது பக்கம் சண்டை நடக்கும். நம் குழந்தை 61ஆம் பக்கத்தில்தான் வாயைத் திறக்கும்.

பதிவை மலைபோலச் சேர்த்துவிட்டு எழுத்தாக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது அடுத்தது. ஒரு மணி நேர மழலையை எழுதி முடிக்க எனக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. அந்த வாரத்துப் பதிவை அந்த வாரமே எழுதினால் ஒரு லாபம் உண்டு. குழந்தை சொன்ன 'த்தா' தாத்தாவா, 'தா' என்று கேட்டதா என்று மறுவாரம் பாட்டியிடமே கேட்டுக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பாட்டி சிரிப்பார், அவ்வளவுதான்.

ஒரே குழந்தையை நம்பி இறங்குவதும் ஆபத்து. ஹார்வர்டில் உளவியலாளர் ரோஜர் பிரௌன் 1960களில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வில் மூன்று குழந்தைகள்: ஆடம், ஈவ், சாரா. ஈவின் குடும்பம் பாதியிலேயே ஊர் மாறிப் போய்விட்டது. மற்ற இரண்டு பேர் இருந்ததால் ஆய்வு பிழைத்தது. இங்கே தோட்டத்தில் வேலை குறைந்தால் குடும்பம் திருப்பூருக்கோ கோவைக்கோ கிளம்பிவிடும், உங்களிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டாயம் இல்லை.

நான் வெட்கப்படுகிற தவறு இனிமேல்தான். 1958இல் குழந்தைமொழி ஆய்வாளர் ஜீன் பெர்கோ ஒரு சோதனை செய்தார். பறவை மாதிரி ஒரு பிராணியின் படத்தைக் காட்டி, 'இது வக்' என்பார். பிறகு இரண்டு பிராணிகளைக் காட்டி, 'இப்போது இரண்டு...' என்று இழுத்து நிறுத்துவார். அதுவரை கேட்டே இராத அந்தச் சொல்லோடு ஆங்கிலக் குழந்தை பன்மை விகுதியைச் சேர்த்தால், அதற்கு மனப்பாடம் இல்லை, விதி தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். அழகான சோதனை. அதை அப்படியே தமிழாக்கி ஓர் அங்கன்வாடிக்குக் கொண்டு போனேன். எல்லாப் பிள்ளைகளும் 'ரெண்டு வக்' என்றார்கள். இந்த வயதில் பன்மை வரவில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்போது ஆயா ஜன்னல் வழியாகப் பார்த்து, 'ரெண்டு மாடு உள்ள வருது, கேட்டைச் சாத்துங்க' என்றார். பேச்சுத் தமிழில் எண்ணுப்பெயர் வந்துவிட்டால் பெரியவர்களே 'கள்' போடுவதில்லை. பிள்ளைகள் சரியாகத்தான் சொன்னார்கள். ஆங்கில இலக்கணத்தைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் பரிசோதித்தது நான்.

தமிழில் சோதிக்க வேண்டிய இடம் வேறு. மரம் 'மரத்துல' ஆகிறது, வீடு 'வீட்டுல' ஆகிறது. இல்லாத ஒரு சொல்லைக் கொடுத்துப் பொம்மையை அதன்மேல் உட்கார வைத்தால், பிள்ளை அத்துச் சாரியையை, அதாவது 'மரத்துல' என்பதில் நடுவே வருகிற அந்த 'அத்து'வை, கொண்டுவருகிறதா என்று பார்க்கலாம். சரி என்று 'நோடம்' என ஒரு சொல்லை உண்டாக்கி, ஒரு ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்குப் போனேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படுகு மொழியில் 'நோடு' என்றால் 'பார்'. போலிச் சொல்லை உருவாக்கும்போது தமிழில் அது இல்லாமல் இருந்தால் போதாது, அக்கம்பக்கத்து மொழிகளிலும் இருக்கக் கூடாது. நீலகிரியில் அக்கம்பக்கம் என்றால் படுகு, தோடா, கோத்தா, குறும்பர், இருளர், பணியர் மொழிகள், கூடவே மலையாளம், கன்னடம்.

வாக்கிய நீளத்தைச் சொல் கணக்கில் அளப்பதும் இதே ரகம். 'சாப்பிடமாட்டேங்கிறான்' தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம். பிரௌனே சொல்லை விட்டு உருபன்களை, அதாவது பொருள் தரும் மிகச் சிறிய துண்டுகளைத்தான் எண்ணினார். அதிலும் கவனம் வேண்டும். 'வேணாம்' என்பதை இலக்கணம் பிரித்துக் காட்டும். ஒன்றரை வயதுக்கு அது ஒரே துண்டு, தட்டைத் தள்ளிவிடும் கையோடு சேர்ந்தது. வயதையும் வருடத்தில் எழுதாதீர்கள். இரண்டு வயது ஒரு மாதக் குழந்தையும் இரண்டு வயது பதினொரு மாதக் குழந்தையும் ஒரே கட்டத்தில் விழுந்தால் அட்டவணை குப்பை. பெற்றோர் சொல்லும் வயதைத் தடுப்பூசி அட்டையோடு ஒப்பிட்டுவிட்டு மாதக் கணக்கில் குறியுங்கள்.

தாயும் சேயும் தனியாக இருப்பதைத்தான் பதிவு செய்ய வேண்டும் என்று மேலைநாட்டுக் கட்டுரைகளைப் படித்து நினைத்திருந்தேன். தோட்டத்தில் தாய் காலையிலேயே கொழுந்து பறிக்கக் கிளம்பிவிடுவார். பகலெல்லாம் குழந்தையோடு பேசுவது பாட்டி, காப்பகத்து ஆயா, பள்ளி விடுமுறை நாளில் அக்கா. சாயந்திரம் களைத்து வந்த தாயை மைக் முன்னால் உட்கார வைத்துப் பேசச் சொன்னேன். கிடைத்தது 'இது என்ன? இது என்ன?' என்ற பரீட்சைக் குரல். இன்னொரு வீட்டில் யாருமே மம்மு, ஜோஜோ என்று கொஞ்சவில்லை. குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சு குறைவு என்று எழுதிவிட்டேன். பப்புவா நியூ கினியின் கலூலி மக்கள் குழந்தைக்காகப் பேச்சை எளிமையாக்குவதில்லை, பிள்ளைகள் அப்படியும் நன்றாகப் பேச வந்துவிடுகின்றன என்று மானிடவியலாளர் பாம்பி ஷிஃபெலின் எழுதியதைப் பிறகுதான் படித்தேன். அடித்துத் திருத்தினேன்.

படுகுப் பேச்சைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்கிறவர்கள் ஒரு பெரிய சொத்தை இழக்கிறார்கள். நாக்கை மடித்துச் சொல்லும் உயிரொலிகள் அந்த மொழியில் உண்டு என்று மொழியியலாளர் எமனோ 1939இலேயே எழுதியிருக்கிறார். 1930களின் நடுவில் இந்த மலையில் தங்கி வேலை செய்தவர் அவர். இன்று எல்லோர் வாயிலும் அவை இல்லை. ஒரு குழந்தை சாதாரண உயிரைச் சொன்னால் அது மழலையா, வீட்டிலேயே அப்படித்தான் பேசுகிறார்களா என்று தெரிய, முதலில் பெரியவர்களைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளையின் தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணி 'பின்தங்கியது' என்று எழுதுவது பாவம். இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டிப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் வீட்டுக்காரர்களிடம் 'தமிழிலேயே பேசுங்கள்' என்று அறிவுரை சொல்வதும் நம் வேலை இல்லை.

களத்துக்குக் கிளம்புமுன் ஏற்கெனவே இருப்பதைக் கேட்டுப் பாருங்கள். 1984இல் பிரையன் மக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் தொடங்கிய சைல்ட்ஸ் என்ற குழந்தைமொழிக் களஞ்சியத்தில் தமிழும் இருக்கிறது. இந்தியாவில் உருவான முதல் கணினிகளில் ஒன்றான டிஃபிராக்கை உருவாக்கிய ஆர். நரசிம்மன் பெயரில் உள்ள தொகுப்பு அது. நான் அதை நான்காம் ஆண்டில்தான் திறந்தேன்.

அனுமதி விஷயம். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று பட்டியலிடப்பட்ட ஆறு பிரிவினரும் நீலகிரியில் வாழ்கிறார்கள். அரசு அனுமதி, பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழு, பெற்றோர் கையெழுத்து எல்லாம் முடிந்த பிறகும் குழந்தை மைக்கைத் தள்ளிவிட்டால் அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். பெயரை மாற்றிவிட்டால் ஆளைத் தெரியாது என்றும் நம்பாதீர்கள். என் ஆய்வேட்டில் குழந்தைக்குப் புனைபெயர் வைத்து, ஹட்டியின் பெயரையும் வயதையும் மட்டும் உள்ளபடி எழுதியிருந்தேன். டீக்கடையில் ஒருவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, 'இது நம்ம போஸ்ட்மேன் பேத்திதானே' என்றார். அச்சுக்குப் போனபோது ஹட்டியின் பெயரை எடுத்துவிட்டேன்.