நாவுக்கேற்ற விஸ்கியையும் ஜின்னையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஸ்காட்ச் விஸ்கி வாங்க நினைப்பவர் விலையைப் பார்க்கும் முன், புகை வாசம் தமக்குப் பிடிக்குமா என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் உருவாகும் லாஃப்ராய்க், ஆர்ட்பெக் ஆகிய விஸ்கிகளுக்கான முளைவிட்ட பார்லியை, பீட் எனப்படும் சதுப்புநிலக் கரியின் புகையில் உலர்த்துவதால், அவற்றில் கிருமிநாசினியை ஒத்த நெடி எழும். சிலருக்கு அது முதல் மிடறிலேயே பிடித்துவிடும், சிலருக்கு ஒருபோதும் பிடிக்காது. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதியைச் சேர்ந்த, 12 ஆண்டு முதிர்ந்த கிளென்ஃபிடிக் 12 பேரிக்காயை நினைவூட்டும்; ஷெர்ரி என்னும் ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் முதிர்ந்த மக்காலனில் உலர்திராட்சையின் இனிப்பு தெரியும்.

ஆகவே முழுப் புட்டி வாங்காமல், இம்மூன்று வகையிலும் சிறிதளவு வாங்கி, மென்மையானதில் தொடங்கிப் புகையுள்ளதில் முடியுங்கள். வாய் குறுகிய கிளாஸில் 20 மில்லி ஊற்றி, உதடுகளைச் சற்றே திறந்தபடி முகர்ந்து, ஒரு மிடறு அருந்திய பின் சில துளி நீர் சேர்த்து மீண்டும் முகர்ந்தால், மதுவின் காரம் தணிந்து, மறைந்திருந்த வாசங்கள் வெளிப்படும். பனிக்கட்டி வாசத்தை அடக்கிவிடும் என்பதால் சோதிக்கும்போது வேண்டாம்.

புட்டியில் உள்ள வயது, கலவையிலுள்ள மிக இளைய விஸ்கியின் வயதே; 18 ஆண்டு விஸ்கி 12 ஆண்டு விஸ்கியைவிடச் சுவையாகத்தான் இருக்கும் என்ற உறுதி எதுவும் இல்லை, விலை மட்டும் நிச்சயம் கூடும்.

ஜின்னுக்கு, ஜூனிப்பர் என்னும் ஊசியிலைத் தாவரத்தின் காயே அடிப்படை. அதன் பிசின் மணத்தை விரும்புவோர் டாங்கரேயையும், வெள்ளரி, ரோஜா மணத்தை விரும்புவோர் ஹென்ட்ரிக்ஸையும் முயலலாம். ஜின்னுடன் வழக்கமாகக் கலக்கும் டானிக் என்னும் குளிர்பானத்தின் கசப்பும் சர்க்கரையும் பலவற்றை மறைத்துவிடும் என்பதால், முதலில் வெறும் நீர் கலந்தே ருசித்துப் பாருங்கள்.