அட்டை கிரேன் உடைவதில்லை, கவிழ்கிறது: செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்பில் பிள்ளைகள் செய்யும் கிரேன் பெரும்பாலும் உடைந்துபோவதில்லை. அப்படியே குப்புற விழும். விழுந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: இன்னும் நாலு ஐஸ் குச்சியை ஒட்டிக் கையைப் பலப்படுத்துவார்கள். கை கனமாகிவிடும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் விழும். நானும் முதல் இரண்டு வருடம் பிள்ளைகளை இதைத்தான் செய்யவைத்தேன்.

பொருள் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். அடிக்கு ஒரு ஷூ டப்பா, கைக்கு ஐஸ் குச்சிகள், தையல் கடையில் கேட்டால் கிடைக்கும் காலி நூல் உருளை, வழுவழுப்பான நூல், பென்சில், சைக்கிள் ஸ்போக் துண்டு, இரண்டு மூன்று தண்ணீர் பாட்டில். எடைக்குத் தராசு தேடவேண்டியதில்லை. 100 மில்லி தண்ணீர் 100 கிராம். மெல்லிய பாட்டிலின் எடையை இந்தக் கணக்குக்கு விட்டுவிடலாம்.

முதல் தவறு பின்பக்க எடையில். நீளக் கை 40 செ.மீ., அதன் நுனியில் 100 கிராம் என்று வையுங்கள். 100 × 40 = 4000. பின்னால் இருக்கும் குட்டைக் கை 10 செ.மீ. என்றால் அங்கே 400 கிராம் தொங்கவேண்டும். எடையைத் தூரத்தால் பெருக்கி இரண்டு பக்கமும் சமமா என்று பார்க்கும், பத்தாம் வகுப்பில் வரும் திருப்புத்திறன் கணக்குதான் இது. நன்றாகப் படிக்கும் பிள்ளை சரியாகக் கணக்குப் போட்டு 400 கிராமைக் கட்டிவிடும். சுமை அழகாக மேலே போகும், எல்லோரும் கைதட்டுவார்கள். அப்புறம் சுமையைக் கீழே இறக்கி, நூல் தளர்ந்த அந்த நொடியில் கிரேன் மல்லாக்கப் பின்னால் விழும்! கணக்கில் பிழையே இல்லை. சுமை இல்லாத நேரமும் ஒன்று உண்டு என்பதைத்தான் மறந்துவிட்டார்கள்.

அதனால் பின்னால் பாதி மட்டும் போதும், 200 கிராம். சுமையோடு இருக்கும்போது 2000 அளவுக்கு முன்னால் சாயப் பார்க்கும், சுமை இல்லாதபோது அதே அளவுக்குப் பின்னால் சாயப் பார்க்கும். இரண்டையும் தாங்கவேண்டியது அடிப்பாகம். ஷூ டப்பாவுக்குள் மணலோ கல்லோ போடுங்கள், காலியாக விடாதீர்கள். அடுக்குமாடி கட்டும் இடத்தில் நிற்கும் பெரிய கிரேனின் பின்பக்கம் சாம்பல் நிற கான்கிரீட் கட்டைகள் தொங்குவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு சுமைக்கும் அதை யாரும் மாற்றிக்கொண்டிருப்பதில்லை. நீளத் தடியின் ஒரு முனையில் வாளியும் மறுமுனையில் எடையும் கட்டி நீர் இறைக்கும் யாழ்ப்பாணத்துத் துலாக் கிணற்றிலும் இதே சமரசம்தான்: வெறும் வாளியை இறக்கக் கொஞ்சம் இழுக்கவேண்டும், நிறைந்த வாளி ஏறக் கொஞ்சம் உதவி கிடைக்கும்.

இன்னொன்று, நீளக் கைக்கும் சொந்த எடை உண்டு. 30 கிராம் கை என்றால் அதன் நடுவில், 20 செ.மீ. தூரத்தில் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்: 600. அதற்காகப் பின்னால் 60 கிராம் கூடுதலாக வேண்டும்.

அடுத்தது கையைத் தாங்கி நிற்கும் கம்பத்தின் உயரம். பார்க்க அழகாக இருக்கவேண்டும் என்று கம்பத்தைக் கைக்குச் சற்று மேலே நிறுத்தி, அதன் தலையிலிருந்து கை நுனிக்கு ஒரு நூலைக் கட்டுவார்கள். அந்த நூல் கையோடு 30 பாகை கோணத்தில் இருந்தால் சுமையைப்போல் இரண்டு மடங்கு இழுவையைத் தாங்கவேண்டும். 10 பாகை என்றால் ஏறக்குறைய ஆறு மடங்கு. நூல் அறாது, முடிச்சு அட்டையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஆக, நூலை மாற்றிப் பயனில்லை, கம்பத்தை உயர்த்துங்கள்.

கையைச் சட்டம் சட்டமாகக் கட்டுவதும் வீண்வேலை. நாலு குச்சியை மூலைகளில் குண்டூசியால் இணைத்துப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். சதுரம் நசுங்கிச் சரியும், மூன்று குச்சி முக்கோணம் அசையாது. குறுக்கே ஒரு குச்சி போட்டால் தீர்ந்தது. அட்டையில் கை செய்தால் உள்ளே இருக்கும் நெளிவுகள் கையின் நீளவாக்கில் ஓடும்படி வெட்டவேண்டும். குறுக்கே ஓடினால் மடங்கிவிடும்.

கப்பியைப் பற்றி நாமே தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறோம். நுனியில் ஒரே ஒரு நிலையான கப்பியைப் போட்டுவிட்டு ‘இதனால் விசை குறைகிறது’ என்போம். குறையாது. கிணற்று ராட்டினம் போல இழுக்கும் திசையைத்தான் மாற்றும். சுமையோடு சேர்ந்து ஏறும் கப்பி ஒன்றைச் சேர்த்தால் விசை பாதியாகும், ஆனால் 1 செ.மீ. ஏற்ற 2 செ.மீ. நூலை இழுக்கவேண்டும். கப்பியாகப் போட்ட நூல் உருளை ஸ்போக்கில் சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள். பசை வழிந்து ஒட்டிக்கொண்ட உருளையில் நூல் தேய்ந்துகொண்டுதான் போகும்.

நூல் சுற்றும் தண்டு சீக்கிரம் ஏற்றட்டும் என்று செல்லோடேப் வளையத்தைப் போடுகிறவர்கள் உண்டு. 7 மி.மீ. பருமனுள்ள பென்சிலில் 3.5 செ.மீ. கைப்பிடி வைத்தால் உங்கள் விசை பத்து மடங்காகும். 7 செ.மீ. வளையத்தில் அதே கைப்பிடியால் ஒரு லாபமும் இல்லை, கைப்பிடிதான் பிய்ந்து வரும். பென்சிலில் வெறும் முடிச்சு வழுக்கும், அதன்மேல் டேப் ஒட்டுங்கள். கையை விட்டால் சுமை சரசரவென்று இறங்கிவிடும், கைப்பிடி மாட்டி நிற்க ஒரு குச்சியைச் செருகிவையுங்கள்.

பசை ஓர் இரவு காயட்டும். சூட்டுப் பசைத் துப்பாக்கி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கண்காட்சி அன்றுதான் முதன்முதலாகச் சுமை ஏற்றுவது என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. இரண்டு நாள் முன்பே மேசைமேல் பழைய துணியை விரித்து, கிரேனை அதன்மேல் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் 50 மில்லி கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள், கவிழும்வரை. அந்த நேரத்தில் பிள்ளைகளின் கண் கைமேல் இருக்கக்கூடாது. குனிந்து டப்பாவின் அடியைப் பார்க்கட்டும்: எந்த ஓரம் முதலில் மேசையை விட்டு எழுகிறதோ, கல் போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான்.