ஏரிக்கரையில பறவை பாக்கப் போறீங்களா, முதல்ல காட்டுக்குள்ள போங்க

ஏரின்னதும் நிறைய பேரு நேரா தண்ணி ஓரம் போய் நின்னுடுவாங்க, என்னைக் கேட்டா வரிசையே தப்பு. வசந்தத்துல ஆண் பறவைங்க ஜோடி தேடவும் எல்லையக் காக்கவும் ரொம்ப சத்தமா பாடறது விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சு ரெண்டு மூணு மணி நேரம்தான், அப்போ நீங்க மரங்களுக்குள்ள இருக்கணும். வாத்து எங்கயும் போயிடாது.

பைனாகுலர் 8×42 போதும், அதாவது 8 மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம். 10 மடங்குன்னா கை நடுக்கமும் சேர்ந்து பெருசா தெரியும். பறவையப் பாத்தா கண்ண எடுக்காதீங்க, பாத்தபடியே பைனாகுலரக் கண்ணுக்குக் கொண்டு வாங்க, குனிஞ்சு ஃபோகஸ் வீலைத் தேடினா நிமிரும்போது வெறும் கிளைதான் இருக்கும்.

காட்டுல நடக்கறத விட நிக்கறதுதான் வேலை. ஒரு இடத்துல பத்து நிமிஷம் அசையாம நில்லுங்க, காத்து இல்லாம ஒரு இலை மட்டும் ஆடுதுன்னா அங்க கதிர்க்குருவி இருக்கலாம். இலை முழுசா விரியறதுக்கு முன்னாடி போனா பாக்கறது சுலபம். மெர்லின் ஆப் சத்தம் கேட்டு பேரு சொல்லும், ஆனா அதத் துப்பா மட்டும் வச்சுக்கங்க, கண்ணால பாக்காம லிஸ்ட்ல ஏத்தாதீங்க.

வெளிச்சம் ஏறினதும் காடு முடியற ஓரமா கரைக்கு வாங்க, இங்கதான் பூச்சியும் அதத் தின்ன வர்றதுங்களும் அதிகம். குளிரா இருந்தா தகைவிலான்கள் தண்ணிய உரசற மாதிரி தாழப் பறக்கும், பூச்சி மேல ஏறாததால. சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருக்கணும், அதனால காலைல கிழக்குக் கரைதான் சரி, எதிர்ல நின்னா எல்லாமே கருப்பு நிழலாத்தான் தெரியும்.

கரைப் பறவைங்கள்ல நிறத்த விட நடைய கவனிங்க. உப்புக்கொத்தி கொஞ்சம் ஓடும், டக்குனு நிக்கும், கொத்தும், மறுபடி ஓடும். சாதா உள்ளான் நிக்கும்போதும் பின்பக்கத்த ஆட்டிக்கிட்டே இருக்கும். தண்ணில முக்குளிப்பான் ஜோடி எதிரெதிரா நின்னு தலைய ஆட்டினா அது ஜோடி சேர்ற ஆட்டம், மத்ததெல்லாம் விட்டுட்டு அதயே பாருங்க.

உப்புக்கொத்தி றெக்க ஒடிஞ்ச மாதிரி இழுத்துட்டுப் போனா அது நடிப்பு, கூழாங்கல்லுக்கு நடுவுல கல்லு மாதிரியே முட்டை இருக்கும், அதனால காலடியப் பாத்து வந்த வழியே திரும்பிடுங்க. ஃபோன்ல பாட்டு போட்டுக் கூப்பிடறது வேண்டவே வேண்டாம், முட்டையும் குஞ்சுமா இருக்கற சீசன் இது.

பாத்தத ஈபேர்ட்ல (பாத்த பறவைங்களப் பதிவு பண்ற இணையதளம், ஆப்பும் இருக்கு) போடுங்க, காக்காவையும் சேர்த்து. எதுன்னு உறுதியா தெரியலன்னா யூகிக்காதீங்க, 'உள்ளான் வகை'ன்னு பொதுவா போடவும் அதுல வழி இருக்கு.