எரிக் கார்ல்சனின் இடதுகாலைப் பழகுவது எப்படி

ஸ்வீடனின் கார் ரேலி ஓட்டுநர் எரிக் கார்ல்சன் என்றதும் பலரும் அவர் காரைக் கவிழ்த்த கதைகளைத்தான் சொல்வார்கள். ஸ்வீடனில் அவருக்கு 'கூரை மேல் கார்ல்சன்' என்றே பெயர். எனக்கு அவரிடம் பிடித்தது இடதுகால், அதாவது ஆக்சிலேட்டரை விடாமல் இடதுகாலால் பிரேக் பிடிக்கும் வித்தை. 1929ல் ட்ரோல்ஹாட்டனில் பிறந்தவர். சாப் கார்கள் தயாரான ஊரும் அதுதான். 841 சிசி சாப் 96ஐ வைத்துக்கொண்டு 1960, 61, 62 என மூன்று வருடமும் பிரிட்டனின் ஆர்ஏசி ரேலியை ஜெயித்தார். 1962, 63ல் மான்டி கார்லோ ரேலியும் அவருக்கே.

அந்த காரில் மூன்று சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். ஆக்சிலேட்டரை விட்டால் ஃப்ரீவீல் என்ற அமைப்பு எஞ்சினைச் சக்கரத்திலிருந்து கழற்றிவிடும், எஞ்சின் சுழற்சி இறங்கிப்போகும். திரும்ப வேகம் பிடிப்பதற்குள் வளைவு முடிந்திருக்கும். அதனால் கார்ல்சன் வலதுகாலை எடுக்கவே மாட்டார். இடதுகாலால் பிரேக்கைத் தொடுவார். எஞ்சின் இழுப்பது முன்சக்கரங்களை. அவை சுழன்றுகொண்டே இருக்க, பிரேக்கால் பின்சக்கரங்கள் பிடி தளரும். வளைவுக்கு வெளியே தள்ளிப்போகிற காரின் மூக்கு உள்ளே திரும்பும். ஃப்ரீவீல் இருந்ததால் கியர் மாற்றக் கிளட்ச்கூடத் தேவையில்லை. இடதுகாலுக்கு வேறு வேலையே இல்லை!

நம் கார்களில் அந்த வசதி கிடையாது. ஆகவே வளைவுக்கு முன்பே கியரை மாற்றி முடித்துவிடுங்கள்.

நான் பழகியது ஒரு பழைய மாருதி 800ல். அதுவும் முன்சக்கர இழுவைதான். புதிய கார்கள் பலவற்றில் இரண்டு மிதியையும் சேர்த்து அழுத்தினால் கம்ப்யூட்டரே எஞ்சினை அடக்கிவிடும். அவற்றில் இது வராது. இடம் மிக முக்கியம். ஆளில்லாத, மூடிய மைதானம், உரிமையாளரின் அனுமதி, சீட் பெல்ட், ஹெல்மெட். பொதுச்சாலையில் ஒருபோதும் வேண்டாம்.

முதல் நாள் வளைவுப் பக்கமே போகாதீர்கள். நேர்கோட்டில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போய், இடதுகாலால் மட்டும் நிறுத்துங்கள். கிளட்சை அடிவரை மிதித்தே பழகிய கால் அது, பிரேக்கையும் அப்படித்தான் மிதிக்கும். எனக்கு முதல் மிதியிலேயே பெல்ட் தோளில் வரி போட்டது. குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் பட்டும் படாமல் அழுத்த வேண்டும். மடியில் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தாலும் சிந்தாத அளவுக்கு வரும்வரை இதையே செய்யுங்கள். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆனது.

அப்புறம் வலதுகாலை அசைக்காமல், இடதுகாலால் வேகத்தை 30லிருந்து 25க்கு இறக்கிப் பாருங்கள். இது கைவந்தால் நான்கு கூம்புகளை வட்டமாக வைத்து, மண்தரையில் இரண்டாவது கியரில் சுற்றுங்கள். முன்பக்கம் வெளியே நழுவும்போது ஆக்சிலேட்டரை விடாமல் பிரேக்கை ஒரு நொடி தொடுங்கள். மூக்கு உள்ளே வருவது இடுப்பில் தெரியும். தெரிந்ததும் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டே இருந்தால் பின்பக்கம் முழுதாகச் சுற்றிவிடும்.

பத்துச் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, பிரேக் ஆறட்டும். ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்துங்கள். கருகல் வாசனை வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போய் லைனிங்கைப் பாருங்கள்.