இடுப்புவலிக்குப் பெல்ட் வாங்கும் முன்

நாள்பட்ட இடுப்புவலிக்கு பிசியோதெரபிஸ்டிடம் போகிறீர்களா? முதல் நாளே, நீங்கள் பயிற்சி செய்வதை உங்கள் போனிலேயே வீடியோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். "மூச்சைப் பிடிக்காதீங்க, முழங்கால் விலகுது பாருங்க" என்று அவர் திருத்துவதும் அதில் பதிவாகிவிடும். அப்புறம் வீட்டிலேயே தினமும் செய்யலாம். அவர் சரி என்றால், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய்க் காட்டினால் போதும். 'பத்து சிட்டிங்' என்று பத்து முறை வரச் சொல்லி வாங்கும் பணம் பெரும்பாலும் மிச்சம்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு, நாமே உடலை அசைத்துச் செய்யும் பயிற்சிதான் கைகொடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியும் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட், இடுப்பை இழுத்து வைக்கும் டிராக்‌ஷன், டென்ஸ் எனப்படும் 'கரண்ட் வைப்பது', ஒலி அலை கொண்டு தரும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்கிறது. கரண்ட் வைத்தால் சற்று நேரம் இதமாக இருக்கலாம்தான். அதற்காக மொத்தமாக முன்பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த வழிகாட்டி இடுப்புவலிக்கு மட்டுமானது. வீடியோ யோசனை கழுத்துவலிக்கும் உதவும். ஆனால் ஒருவருக்கு எடுத்ததை இன்னொருவர் பார்த்துச் செய்யக் கூடாது. விழுந்து அடிபட்டபின் வந்த வலி, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தவர்கள் என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள். கை கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போய்ச் சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.