தோட்டத்து வீட்டில் விளையாட்டுக் கணினி: கடைக்குப் போகும் முன் தாளில் கட்டுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து, கணினிக் கடைகள் உள்ள ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பட்டணத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆனால் செம்பனைக் காட்டுக்கு உள்ளே, பெரிய சாலையிலிருந்து தள்ளி இருக்கும் தோட்டத்து வீட்டில் கணினி கட்ட உட்கார்ந்தவருக்கு, பொருந்தாத ஓர் உதிரிப்பாகம் ஒரு நாள் சம்பளத்தையும் ஒரு நாள் அலைச்சலையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. அதனால்தான் திருகாணி முடுக்குவதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பணத்தைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கைப் பற்றியே இங்கே மிகுதியாக எழுதுகிறேன்.

எங்கள் வரிசை வீட்டுத் தம்பி ஒருவர், எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடிந்த கையோடு செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிச் சேர்த்த பணத்தில், இணையக் கடையின் மலிவு விற்பனை நாளன்று முதலில் ஒரு கிராபிக்ஸ் கார்டை (விளையாட்டின் படத்தைத் திரைக்கு வரைந்து தரும் அட்டையை) வாங்கினார். அடுத்து, புதுப்பித்து விற்கும் பழைய அலுவலகக் கணினி ஒன்றை வாங்கினார். அதன் பெட்டி ஒல்லியாக இருந்ததால் கார்டு உள்ளே நுழையவில்லை. மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொருத்தலாம் என்று பார்த்தால், பவர் சப்ளையில் (பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியில்) கார்டுக்கு வேண்டிய 8 முனை கேபிள் இல்லை. பவர் சப்ளையை மாற்றலாம் என்றால், அந்த மதர்போர்டின் (எல்லாப் பாகங்களும் செருகப்படும் தாய்ப்பலகையின்) மின் இணைப்பு மற்ற கணினிகளில் உள்ளதுபோல் இல்லாமல் வேறு வடிவத்தில் இருந்தது. "அக்கா, எல்லாமே நல்ல சாமான்தானே, ஏன் சேரவில்லை?" என்று அவர் கேட்டபோது, வாங்குவதற்கு முன்பே இவருக்கு யாராவது ஒரு தாளை எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று எனக்கு மனம் வலித்தது.

முதல் படி: விளையாட்டையும் திரையையும் எழுதுங்கள்

தாளின் மேல் வரியில், நீங்கள் உண்மையில் விளையாடப்போகும் மூன்று விளையாட்டுகளின் பெயரை எழுதுங்கள். வேலோரன்ட், டோட்டா 2, கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் கிராபிக்ஸ் கார்டைவிட, கணினியின் மூளையான ப்ராசஸரையே அதிகம் நம்பியிருப்பவை. பரந்த உலகத்தில் சுற்றித் திரியும் கதை விளையாட்டுகளோ கிராபிக்ஸ் கார்டின் மீதுதான் பாரத்தை ஏற்றும். உங்கள் பட்டியல் எந்தப் பக்கம் சாய்கிறதோ, பணமும் அந்தப் பக்கம் சாய வேண்டும்.

இரண்டாவது வரியில் திரையை எழுதுங்கள். 1920 பெருக்கல் 1080 புள்ளிகள் கொண்ட திரையே சிக்கனக் கணினிக்கு ஏற்றது. அடுத்த அளவான 2560 பெருக்கல் 1440 திரையில் ஏறத்தாழ 1.8 மடங்கு புள்ளிகள் இருப்பதால், அதே கார்டு அங்கே மூச்சு வாங்கும். போட்டி விளையாட்டு ஆடுபவர், வினாடிக்கு 144 முறை புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் திரைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவிடுவது நியாயம். கதை விளையாட்டு மட்டும் ஆடுபவருக்கு 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் போதும். மிச்சமாகும் பணம் கார்டுக்குப் போகட்டும்.

இரண்டாம் படி: பணத்தைப் பிரியுங்கள்

மொத்தம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிராபிக்ஸ் கார்டுக்கு 900, ப்ராசஸருக்கு 350, மதர்போர்டுக்கு 300, ரேமுக்கும் (இயங்கும்போது பயன்படும் நினைவகம்) எஸ்எஸ்டிக்கும் (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) சேர்த்து 500, பவர் சப்ளைக்கு 220, கேசிங்குக்கு (வெளிப்பெட்டிக்கு) 130, திரைக்கு 400 என்று ஒதுக்கினால் 2,800 ஆகிறது. மீதமுள்ள 200 வெள்ளியைத் தொடாதீர்கள். மின்னெழுச்சித் தடுப்புள்ள எக்ஸ்டென்ஷன், விசைப்பலகை, பேருந்துக் கட்டணம், மறந்துபோன ஒரு கேபிள் எல்லாம் அதிலிருந்துதான் வரும். இவற்றைக் கடை விலைகளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் நீங்களே போட்டுக்கொள்ளும் வரம்பு இது. வாங்கும் வாரத்து விலையைப் பார்த்து அதற்குள் அடங்கும் மாதிரியைத் தேட வேண்டும். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை பெருகியதால் நினைவகச் சில்லுகளின் விலை வேகமாக ஏறியது. அதற்கு முன் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு கடைக்குப் போனவர்கள் ரேம் விலையைக் கேட்டு வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தது. ஆறு மாதத்துக்கு முந்தைய விலைப்பட்டியல் எதையும் நம்பாதீர்கள்.

மூன்றாம் படி: ஒன்றையொன்று கட்டிப்போடும் மூன்று பாகங்கள்

ப்ராசஸர், மதர்போர்டு, ரேம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. ப்ராசஸரின் அடிப்பகுதிக்கும் அது அமரும் மதர்போர்டின் சாக்கெட்டுக்கும் ஒரே பெயர் இருக்க வேண்டும். மதர்போர்டு எந்தத் தலைமுறை ரேமை ஏற்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். டிடிஆர்4 ரேமும் டிடிஆர்5 ரேமும் ஒரே நீளமாகத் தெரிந்தாலும், நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றதன் குழிக்குள் இறங்காது.

ப்ராசஸர் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் டிடிஆர்4 ரேமை ஏற்கும். 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். 2027க்குப் பிறகும் ஏஎம்5 தொடரும் என்று அந்த நிறுவனம் அறிவித்திருப்பதால், பின்னாளில் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி அதில் உண்டு. இன்னொரு ப்ராசஸர் நிறுவனமான இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் இரண்டு வகை ரேமுக்கும் தனித்தனி மதர்போர்டுகள் விற்கப்படுகின்றன. மதர்போர்டின் மாதிரி எண் ஒன்றேபோல் இருந்தாலும் பெட்டியில் எந்த ரேம் என்று அச்சிட்டிருக்கிறார்கள் என்பதைப் படித்துப் பாருங்கள்.

கையில் இருப்பது 3,000 வெள்ளி என்றால், ஏஎம்4 வழியில் ரைசன் 5 5600 ப்ராசஸரையே நான் முதலில் பார்ப்பேன். 6 கோர் (வேலை செய்யும் அலகு), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), 65 வாட் என்ற அளவில், பெட்டியோடு வரும் கூலரே (குளிர்விக்கும் விசிறியே) அதற்குப் போதுமானது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் வசதி கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. இன்டெல் ப்ராசஸர்களின் பெயரில் எண்ணுக்குப் பின் எஃப் என்ற எழுத்து இருந்தாலும் இதே பொருள்தான். கார்டுக்கான பணம் சேரச் சில மாதங்கள் ஆகும் என்பவர்கள் ரைசன் 5 5600ஜியை வாங்கலாம். அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருப்பதால் இலேசான விளையாட்டுகளை இப்போதே ஆடத் தொடங்கலாம். ஆனால் அதன் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 16 எம்பி மட்டுமே, 5600இல் இருப்பதில் பாதி. பின்னாளில் நல்ல கார்டு வாங்கிப் பொருத்தும்போது அந்தக் குறை தெரியவரும்.

மதர்போர்டுக்கு பி550 வகை போதும். விலை குறைவு என்று பழைய பி450 வாங்குவதாக இருந்தால், அதன் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) பழையதாக இருக்கும் பட்சத்தில் 5600ஐ அது அடையாளம் காணாது என்பதால், பயாஸைப் புதுப்பித்துத் தரும்படி கடைக்காரரிடம் கேட்டு, உங்கள் கண்முன்னே திரையில் படம் வருவதைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

ரேம் 16 ஜிபி வேண்டும். அதையும் ஒரே 16 ஜிபி துண்டாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி துண்டுகளாக வாங்கினால், ப்ராசஸர் இரண்டு தடங்களில் ஒரே நேரத்தில் தரவை எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்டி விஷயத்தில் வடிவத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி படிக்கும் சாட்டா வகையும் உண்டு, அதைவிடப் பல மடங்கு வேகமான என்விஎம்இ வகையும் உண்டு. கேட்க வேண்டியது என்விஎம்இ.

நான்காம் படி: கிராபிக்ஸ் கார்டு

1080 திரைக்கு 8 ஜிபி நினைவகம் உள்ள கார்டைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060 ஆகியவை இந்த வரிசையில் வருபவை. அன்றைய விலையில் எது வரம்புக்குள் அடங்குகிறதோ அதை எடுக்கலாம்.

பழைய கார்டு வாங்குவது தவறு இல்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற மின்னாணயம், கார்டுகளை ஓட்டிப் புது நாணயம் ஈட்டும் ‘தோண்டும்’ முறையைக் கைவிட்டபோது, இரவும் பகலும் ஓடிய ஏராளமான கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு. விசிறி தேய்ந்து, வெப்பப் பசை காய்ந்தவையும் உண்டு. விற்பவரின் வீட்டிலேயே கணினியில் பொருத்தி, பாரமான ஒரு விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள். நேரில் பார்க்காமல் அஞ்சலில் பழைய கார்டு வாங்குவதை, தோட்டத்தில் இருக்கும் எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அலுவலகக் கணினியை ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கும் ஒரு வழி இருக்கிறது. கார்டைச் செருகும், மதர்போர்டின் நீண்ட பிசிஐஇ குழி 75 வாட் வரை தானே தரக்கூடியது. 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டு 70 வாட்டில் இயங்குவதால் அதற்குத் தனி மின்கேபிள் தேவைப்படுவதில்லை. ஒல்லியான பெட்டிக்கு ஏற்ற குட்டை வடிவத்திலும் அது கிடைக்கிறது. எங்கள் வரிசை வீட்டுத் தம்பி முதல் கார்டை விற்றுவிட்டு இந்த வழியில்தான் போனார். ஆனால் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெலின் 8ஆம் தலைமுறையிலிருந்துதான். வேலோரன்ட் விளையாட்டோ விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இயங்கினால்தான் திறக்கும். ஆகவே பழைய கணினியின் விலையைக் கேட்பதற்கு முன் அதன் தலைமுறையைக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: மின்சாரம்

பணம் பற்றாதபோது எல்லோரும் முதலில் கை வைப்பது பவர் சப்ளையில். தயவுசெய்து அங்கே கை வைக்காதீர்கள். விளையாட்டின் வேகத்தை அது ஒரு ஃபிரேம்கூட (வினாடிக்கு வரும் படங்களில் ஒன்றுகூட) கூட்டாது என்பது உண்மைதான். ஆனால் அது பழுதாகும்போது தன்னோடு மற்ற பாகங்களையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும்.

கணக்கு எளிது. ரைசன் 5 5600 முழுப் பாரத்தில் 90 வாட்டுக்குள் நிற்கும், ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட், மற்றவை எல்லாம் சேர்ந்து 50 வாட் என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும் 300 வாட்டைத் தாண்டவில்லை. நல்ல 500 அல்லது 550 வாட் பவர் சப்ளை ஒன்று இதற்குத் தாராளமாகப் போதும். பெரிய எழுத்தில் 700 வாட் என்று அச்சிட்டு மிகக் குறைந்த விலைக்கு விற்பவற்றின் பக்கவாட்டு ஒட்டியைப் படியுங்கள். ப்ராசஸரும் கார்டும் உறிஞ்சுவது 12 வோல்ட் தடத்திலிருந்துதான். அந்தத் தடத்தில் எத்தனை வாட் என்பதே உண்மையான எண். 80 பிளஸ் முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டும் காட்டுகிறது; பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஐந்து ஆண்டு உத்தரவாதம் தரும் பவர் சப்ளையை நான் கூடுதலாக நம்புவேன். இதை மட்டும் எப்போதும் புதிதாகவே வாங்குங்கள். இன்னொரு மாதிரியின் கழற்றிச் செருகும் கேபிள்களைக் கடன் வாங்கிச் செருகாதீர்கள். செருகும் முனை ஒரேபோல் இருந்தும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருந்தால் பாகங்கள் கருகிவிடக்கூடும்.

அடுத்தது வீட்டுச் சுவர். பழைய லயத்து வீடுகளில் மூன்று துளை பிளக் இருந்தும், எர்த் கம்பி எங்கும் போய்ச் சேராமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கேசிங்கைத் தொடும்போது விரலில் இலேசாகச் சுருக்கென்று பட்டால், அதைப் பழகிக்கொள்ளாமல் பதிவுபெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் வாங்கும்போது சிரிம் தரச்சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியோடு ஒரே எக்ஸ்டென்ஷனைப் பகிராதீர்கள். மின்னெழுச்சித் தடுப்பு சிறு ஏற்ற இறக்கங்களைத் தாங்கும். அருகில் விழும் இடியைத் தாங்காது. சாயங்கால மழை இருட்டிக்கொண்டு வரும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் உருவ வேண்டும். பலர் மறப்பது இணையக் கேபிளை. மோடத்திலிருந்து வரும் செப்புக் கம்பி வழியாகவும் இடி மதர்போர்டுக்குள் வரும்.

ஆறாம் படி: கேசிங்

முகப்பில் காற்றுத் துளைகள் உள்ள கேசிங்காகப் பாருங்கள். முழுக் கண்ணாடி முகப்பு நம் புழுக்கத்துக்கு ஏற்றதன்று. கார்டின் நீளத்தை மில்லிமீட்டரில் எழுதி, கேசிங் ஏற்கும் நீளத்தோடு ஒப்பிடுங்கள். தரையில் வைக்காமல் ஒரு சாண் உயரத்திலாவது வைத்தால் செம்மண் தூசியும் எறும்பும் உள்ளே போவது குறையும்.

ஏழாம் படி: வாங்கும் வரிசை, பொருத்தும் வரிசை

தாளில் எல்லா வரிகளும் நிரம்பி, ஒவ்வொன்றும் மற்றதோடு பொருந்துகிறது என்று இரண்டு பேராவது பார்த்த பிறகே முதல் பொருளை வாங்குங்கள். பல மாதங்கள் பரப்பி வாங்கினால், கடைசிப் பாகம் வந்து கணினியை இயக்கிப் பார்க்கும் முன்பே முதல் பாகத்தைத் திருப்பிக் கொடுக்கும் காலம் கடந்துவிடும். பணத்தைச் சேர்த்து வைத்து ஒரே வாரத்தில் வாங்குவது நல்லது. ப்ராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றையுமாவது ஒரே கடையில் வாங்குங்கள்.

பொருத்துவதை மதர்போர்டின் அட்டைப் பெட்டிமேல் வைத்துத் தொடங்குங்கள். ப்ராசஸரில் உள்ள முக்கோணக் குறியை சாக்கெட்டின் குறியோடு சேர்த்து, அழுத்தாமல் தானாக இறங்கவிடுங்கள். ரேமை, பெரும்பாலான மதர்போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதாகவும் நான்காவதாகவும் வரும் குழிகளில் செருகுங்கள். கூலரை வைத்து, அதன் விசிறிக் கம்பியைச் செருகிய பின், எல்லாவற்றையும் கேசிங்குக்குள் இறக்கித் திருகுங்கள்; இணைப்புத் துளைகள் உள்ள பின்பக்க இரும்புத் தகட்டை அதற்கு முன்பே பொருத்தியிருக்க வேண்டும். கார்டு கடைசியில்.

முதன்முறை இயக்கும்போது திரைக் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கார்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பயாஸுக்குள் போய் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்குங்கள். இயக்காவிட்டால் 3200 என்று வாங்கிய ரேம் பெரும்பாலும் 2133 அல்லது 2666இலேயே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸின் திரை அமைப்பில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் அது 60இலேயே நிற்கக்கூடும். ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு வெப்ப அளவைப் பாருங்கள். ப்ராசஸர் 90 பாகையைத் தொடுமானால் கூலரைக் கழற்றி மீண்டும் பதிக்க வேண்டும்.

இரசீதுகளைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். கடைச் சீட்டின் மை ஓராண்டில் மங்கிவிடும், உத்தரவாதமோ அதற்கு மேலும் நீளும். பாகங்களின் பெட்டிகளையும் எறியாதீர்கள். பழுதான கார்டைத் திருப்பி அனுப்பும்போது அதன் சொந்தப் பெட்டியே பாதுகாப்பு. பலகை வீடாக இருந்தால், அவற்றைக் கரையான் ஏறாத இரும்பு அலமாரியில் வையுங்கள்.