தொலைவில் இருக்கும் லினக்ஸ் பணிநிலையத்தில் ஓப்பன்ஜிஎல் மென்பொருளை ஓட்டுவது எப்படி

தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் எக்ஸ் ஃபார்வர்டிங் (அங்குள்ள சாளரத்தை இங்கே காட்டும் வசதி) போட்டு, பாராவியூ, பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளைத் திறந்தால், பெரும்பாலும் திறக்காது, திறந்தாலும் நகராது. அந்த வழியில் ஓப்பன்ஜிஎல் கட்டளைகள் (முப்பரிமாணப் படத்தை வரையச் சொல்லும் கட்டளைகள்) நெட்வொர்க்கைக் கடந்து உங்கள் மடிக்கணினிக்கு வந்து, அங்கேதான் படமாகின்றன. சர்வரிலுள்ள கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலையே இல்லை. போதாததற்கு, 2015இல் வந்த எக்ஸ்ஆர்க் 1.17 முதல் இப்படிக் கட்டளைகளை அனுப்பும் மறைமுக ஜிஎல்எக்ஸ் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. வெறும் விஎன்சி (தொலைக் கணினியின் திரையையே படமாக அனுப்பும் முறை) போட்டால் மென்பொருள் திறக்கும். ஆனால் கார்டு இல்லாமலே வரையும் மெசாவின் எல்எல்விஎம்பைப் வழியாக சிபியு தான் வரையும்.

விர்ச்சுவல்ஜிஎல் இதைத் தீர்க்கும் விதம் எளிது. மென்பொருள் தொடங்கும்போதே தன் லைப்ரரியை முன்னால் ஏற்றி, ஓப்பன்ஜிஎல் அழைப்புகளை சர்வரின் கார்டுக்குத் திருப்பிவிடும். வரைந்து முடித்த படத்தை மட்டும் திரும்பப் படித்து விஎன்சி திரையில் வைக்கும். அதைச் சுருக்கி அனுப்புவது டர்போவிஎன்சி என்ற விஎன்சி மென்பொருளின் வேலை. மாடலில் ஆயிரம் முக்கோணம் இருந்தாலும் ஒரு கோடி இருந்தாலும் கம்பியில் போவது அதே அளவு திரையின் படம்தான்.

முதலில் என்விடியா டிரைவர் சரியா என்று ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கட்டளையில் பாருங்கள். கார்டு தெரியாவிட்டால் மேற்கொண்டு எதையும் நிறுவாதீர்கள். பிறகு விர்ச்சுவல்ஜிஎல், டர்போவிஎன்சி இரண்டு பொதிகளையும் நிறுவினால், இரண்டுமே ‘ஆப்ட்’ கோப்புறைக்குள் அமரும்.

ரூட்டாக விர்ச்சுவல்ஜிஎல்லின் அமைப்புக் கட்டளையான ‘விஜிஎல்சர்வர்_கான்ஃபிக்’கை ஓட்டுங்கள். பதிப்பு 3.0 முதல் ஈஜிஎல் வழி இருக்கிறது. மெனுவில் அது 3ஆவது தேர்வு. மானிட்டர் இல்லாத சர்வருக்கு அதையே பரிந்துரைக்கிறோம். கார்டுக்கென்று தனி எக்ஸ் சர்வர் ஓட வேண்டியதில்லை, டிஸ்ப்ளே மேனேஜரைத் தொட வேண்டியதில்லை. சில பழைய ஜிஎல்எக்ஸ் வசதிகளை நம்பியிருக்கும் மென்பொருளுக்கு மட்டும் 1ஆவது தேர்வு. கார்டின் சாதனக் கோப்புகளை ‘விஜிஎல்யூசர்ஸ்’ குழுவுக்கு மட்டும் அனுமதிக்கவா என்று கேட்கும். பலர் பகிரும் இயந்திரமென்றால் ஆம் சொல்லி, பயனர்களை அந்தக் குழுவில் சேருங்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: குழுவில் சேர்த்ததும் வெளியேறி மீண்டும் நுழைந்தால் மட்டும் போதாது. முன்பே ஓடிக்கொண்டிருக்கும் விஎன்சி அமர்வு பழைய அனுமதியிலேயே இருக்கும். அதை நிறுத்திப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

‘விஎன்சிசர்வர்’ கட்டளையை டர்போவிஎன்சியின் முழுப் பாதையோடு கொடுங்கள். டைகர்விஎன்சியும் அதே பெயரில் ஒன்றை வைத்திருக்கும், தெரியாமல் அது ஓடிவிடும். விண்டோ மேனேஜராக எக்ஸ்எஃப்சிஈ, கூடவே அதே இயந்திரத்திலிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும் ‘லோக்கல்ஹோஸ்ட்’ விருப்பம். க்னோம் தன் மேசைத்திரைக்கே ஓப்பன்ஜிஎல் கேட்கும், வேண்டாம். எக்ஸ்எஃப்சிஈயிலும் கம்பாசிட்டிங்கை (சாளர நிழல், ஒளிபுகல் போன்ற அலங்காரம்) அணைத்துவிடுங்கள். அமர்வு எண் 1 என்றால் போர்ட் 5901, 2 என்றால் 5902. ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டைத் திறக்காமல் எஸ்எஸ்எச் டனல் (மறையாக்கிய இணைப்பு) வழியே இணையுங்கள்.

விஎன்சிக்குள் டெர்மினலைத் திறந்து, மென்பொருளின் பெயருக்கு முன்னால் ‘விஜிஎல்ரன்’, மைனஸ் டி, ‘ஈஜிஎல்’ என்று சேர்த்து ஓட்டுங்கள். இரண்டாவது கார்டு வேண்டுமென்றால் ‘ஈஜிஎல்1’. ஆனால் அதற்கு முன் இதே முறையில் ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’வை ஓட்டி, ‘ஓப்பன்ஜிஎல் ரெண்டரர் ஸ்ட்ரிங்’ வரியைக் கட்டாயம் படியுங்கள். என்விடியா கார்டின் பெயர் வந்தால் சரி. எல்எல்விஎம்பைப் என்று வந்தால் இன்னும் சிபியுதான் வரைகிறது.

ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவில் கார்டு தெரிந்தும் உங்கள் மென்பொருள் மட்டும் மந்தமாக இருந்தால் மூன்று சந்தேகங்கள். அது செட்யுஐடி நிரலாக (ஓட்டுபவரின் அல்ல, கோப்பின் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும் நிரல்) இருக்கலாம். அப்படிப்பட்டவற்றில் முன்னால் ஏற்றும் லைப்ரரியை லினக்ஸ் பாதுகாப்புக்காகப் புறக்கணிக்கும். தொடக்க ஸ்கிரிப்ட் அந்த லைப்ரரியை ஏற்றச் சொல்லும் சூழல் மாறியை அழித்திருக்கலாம், அல்லது தானே சிபியுவில் வரைவதைத் தேர்ந்திருக்கலாம். ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள். அல்லது ஏற்கெனவே ஓடும் பிரதியிடமே புதுச் சாளரத்தை ஒப்படைத்திருக்கலாம். எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஓப்பன்ஜிஎல்லுக்குப் பதிலாக வல்கன் என்ற வரைகலை முறையைப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு விர்ச்சுவல்ஜிஎல் எதுவும் செய்யாது.

அடுத்தது நெட்வொர்க். 1920×1080 திரை ஒன்று சுருக்காமல் ஏறத்தாழ 62 லட்சம் பைட். விநாடிக்கு 30 என்றால் கிட்டத்தட்ட 1.5 கிகாபிட், கிகாபிட் லேனுக்கே தாங்காது. அதனால்தான் ஜேபெக் சுருக்கம். அலுவலக லேனில் தரம் 95, நிறக் குறைப்பு இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். வீட்டு இணைப்பில் தரம் 30க்கு இறக்கினால் சுழற்றுவது இலகுவாகும். ஆனால் மெல்லிய சிவப்புக் கோடுகளும் சிறு எழுத்தும் கலங்கும். நிறப் பட்டையைப் பார்த்து முடிவெடுக்கும் முன் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், எல் நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். அந்தத் திரை இழப்பின்றி ஒருமுறை வந்து சேரும்.

மென்பொருள் காட்டும் விநாடிக்கான ஃபிரேம் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். அனுப்ப முடியாத ஃபிரேம்களை விர்ச்சுவல்ஜிஎல் இயல்பாகவே கைவிடும். அந்த எண் சர்வர் வரைந்தது, நீங்கள் பார்த்தது அல்ல.

வியூவரை மூடினால் அமர்வு நிற்காது, மென்பொருள் கார்டின் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். இரவு முழுக்க ஓட வேண்டிய கணக்கீட்டுக்கு இது வசதி. வேலை முடிந்தால் ‘விஎன்சிசர்வர்’ கட்டளைக்கு ‘கில்’ விருப்பத்தோடு அமர்வு எண்ணைக் கொடுத்து நிறுத்திவிட்டு, ‘என்விடியா-எஸ்எம்ஐ’ பட்டியலில் உங்கள் நிரல் இல்லையென்று உறுதி செய்யுங்கள்.